முற்றத்துக் கல்வி: மழலையர்க்கான கருப்பொருள்வழிச் செயல்பாடுகள்

முன்னுரை

மூன்று வயது நிரம்புவதற்கு முன்னரே குழந்தையின் விரல்களுக்கிடையே எழுதுகோலைத் திணித்துவிட வேண்டும் என்னும் விரைவு இன்று பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிவகிரி போன்ற மலையடிவாரத்து ஊர்களிலும் பரவியுள்ளது. மாலையில் வீடு திரும்பும் மழலையிடம் பெற்றோர் வினவும் முதல் வினா, ‘இன்று என்ன எழுதினாய்?’ என்பதே. ‘இன்று எதைத் தொட்டாய்? எதை முகர்ந்தாய்? எதைக் கண்டு வியந்தாய்?’ என்று வினவுவார் அரியர். எழுதிய ஏடு இல்லையேல் கல்வியும் இல்லை என்பது பலரது துணிபு. அதனாலேயே, ஆடியும் பாடியும் மண்ணைப் பிசைந்தும் கழியும் அங்கன்வாடிப் பொழுது ‘வெறும் விளையாட்டு’ என்று தள்ளப்படுகின்றது.

இத்துணிபு சரியானதன்று. இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குக் கையே முதல் ஆசான். கை அறிந்த பொருள் வாயில் சொல்லாகின்றது. வாயில் நிலைத்த சொல்லே பின்னர் ஏட்டில் எழுத்தாகின்றது. இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் இழப்பு குழந்தைக்கு மட்டுமன்று, மொழிக்கும் உண்டு. இவ்வரிசையைக் காக்கும் ஒரு முறையே கருப்பொருள்வழிச் செயல்பாடு ஆகும். அம்முறையின் இயல்பு, வரலாறு, நம் ஊரில் அதனைக் கையாளும் வகை ஆகியவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருப்பொருள் என்பது யாது?

முன்பருவக் கல்வியில் கருப்பொருள் என்பது, ஒரு வாரமோ ஒரு மாதமோ குழந்தைகளின் பாட்டு, கதை, விளையாட்டு, எண்ணுதல், வரைதல் ஆகிய அனைத்தையும் தன்னைச் சுற்றி இணைத்துக்கொள்ளும் ஒரு மையப் பொருள். நீர், வீடு, பழம், பறவை என அது எதுவாகவும் இருக்கலாம். ‘தமிழ் ஒரு மணி, கணக்கு ஒரு மணி’ என்று உலகைக் கூறுபோட்டுக் குழந்தை காண்பதில்லை. அது ஒரு தவளையைக் கண்டால் அதன் நிறம், குரல், தாவல், எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒருங்கே காண்கின்றது. குழந்தை காணும் வகையிலேயே கற்பிப்பதுதான் இம்முறையின் அடிப்படை.

தமிழ் மாணவர்க்குக் கருப்பொருள் என்னும் சொல் புதியதன்று. தொல்காப்பியம் நிலத்திற்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என வகுத்தது. ஒரு நிலத்தில் பிறந்து வாழும் மாந்தரைச் சூழ்ந்து நிற்பவை இவை. கல்வியாளர் இச்சொல்லை வேறு பொருளில் ஆண்டாலும், ஓர் உண்மை இரண்டிற்கும் பொதுவாக உள்ளது. குழந்தைக்குரிய கருப்பொருள் அதன் சொந்தத் திணையிலிருந்து எடுக்கப்பெற வேண்டும் என்பதே அது. காணாத பனிமலையையும் உண்ணாத ஆப்பிளையும் படத்தில் காட்டித் தொடங்குவதினும், மலைச்சாரலையும் எலுமிச்சையையும் கையில் கொடுத்துத் தொடங்குவது எளிது, சிறந்ததும் ஆகும்.

மேலைநாட்டில் இக்கருத்தை முறையாக வளர்த்தவர்களுள் ஒருவர் பெல்ஜியத்து மருத்துவரான ஒவீடு டெக்ரோலி. அவர் 1907ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். உணவு, வெயில் மழையிலிருந்து காப்பு, இடரிலிருந்து தற்காப்பு, கூடி உழைத்தல் என்னும் மனிதத் தேவைகளை மையமாக வைத்துப் பாடங்களை அமைத்தார். உற்றுநோக்கல், தொடர்புபடுத்தல், வெளிப்படுத்தல் என்னும் மூன்று படிகளை அவர் வகுத்தார. முதலில் பொருளைக் காண வேண்டும். அடுத்து அறிந்தவற்றோடு அதனை இணைக்க வேண்டும். இறுதியில் பேச்சாலோ வரைவாலோ கைவினையாலோ அதனை வெளியிட வேண்டும். இன்றும் கருப்பொருள்வழிச் செயல்பாடுகள் பெரும்பாலும் இம்மூன்று படிகளிலேயே நடைபெறுகின்றன.

தமிழ் மரபிலும் இஸ்லாமிய மரபிலும் குழந்தை விளையாட்டு

விளையாட்டைக் கல்விக்குப் பகை என்று நம் முன்னோர் கருதவில்லை. குறுந்தொகைப் பாடல் ஒன்றில், தச்சன் செய்துதந்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும் கையால் இழுத்தே மகிழும் சிறுவர் உவமையாகின்றனர். கலித்தொகையில் தெருவில் மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியரைக் காண்கின்றோம். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கள் பருவங்களாகவே வகுக்கப்பட்டன. செங்கீரை, சப்பாணி, வருகை ஆகிய பருவங்கள் குழந்தையின் உடல் வளர்ச்சிப் படிகளை ஒட்டியவை. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள். சிற்றிலைச் சிதைத்தல், பறையைத் தட்டுதல், தேரை உருட்டுதல் என்னும் மூன்று விளையாட்டுச் செயல்களே அங்குப் பாடுபொருளாயின. தவழும் குழவி எப்போது கைகொட்டும், எப்போது தேருருட்டும் என்பதனை வரிசைப்படுத்திய இலக்கிய வகை ஒன்றைப் படைத்த மொழி நம் மொழி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் இம்மரபைத் தமதாக்கிக்கொண்டனர்.

இஸ்லாமிய மரபும் இவ்வகையில் தெளிவானது. அபூ உமைர் என்னும் சிறுவன் சிறு பறவை ஒன்றை வைத்து விளையாடி வந்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவனைக் காணும்போது, அவன் பெயரோடு இயைபு பொருந்தும்படி ‘நுகைர்’ என்று அப்பறவையைக் குறிப்பிட்டு, அதன் நலனை அவனிடமே வினவிய செய்தி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. குழந்தையின் விருப்பப் பொருளை எடுத்துக்கொண்டு, ஓசை நயத்தோடு அதனைப் பேச வைக்கும் முறை இது. 1111ஆம் ஆண்டு மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி அவர்கள், ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் தம் நூலில், பாடம் முடிந்தபின் குழந்தையை விளையாட விட வேண்டும் என்றும், இடைவிடாது கற்குமாறு நெருக்கினால் அதன் உள்ளம் சோர்ந்து அறிவு மழுங்கும் என்றும் கருத்துரைத்துள்ளார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இவ்வறிவுரையை இன்றைய பெற்றோர் சிந்தித்தல் நன்று.

கைவழிக் கல்வியின் வரலாறு

நம் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்திலும் கையாண்டார். தம் பட்டறிவை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்ற அவரது கல்விமுறை இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியபோது, மணலில் எழுதும் வழக்கமும் உடன் சென்றது. எழுதுகோலுக்கு முன் விரல், ஏட்டிற்கு முன் மணல் என்பது நாம் பிறரிடம் கடன் வாங்கியதன்று, பிறர்க்குக் கொடுத்தது.

செருமனியில் பிரெடரிக் புரோபெல் 1837இல் சிறுகுழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். பந்து, உருளை, கனசதுரம் ஆகியவற்றைக் குழந்தையின் கையில் கொடுத்து வடிவங்களை உணரச் செய்தார். டெக்ரோலி பள்ளி தொடங்கிய அதே 1907ஆம் ஆண்டு, உரோம் நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி உணரச் செய்தது அவரது புகழ்பெற்ற முறைகளுள் ஒன்று.

அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அடையாற்றிற்கு வந்தார். பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். சில திங்கள்கள் தங்கவே வந்தவரை இரண்டாம் உலகப்போர் இந்நாட்டிலேயே நிறுத்தியது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் அவர் வாழ்ந்தார். ஆயினும் அவரது மரக்கருவிகள் விலைமிக்கவை. செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கே எட்டுபவை.

இக்குறையை நீக்கியவர்கள் நம் நாட்டினர். குசராத்தின் பவநகரில் 1920இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா கதையையும் ஆட்டத்தையும் கல்வியின் நடுவில் வைத்தார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் சிற்றூரில் தம் பணியைத் தொடங்கினார். பள்ளிக்கு வர இயலாத ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளியே அவர்களது முற்றத்திற்குச் செல்ல வேண்டும் என்றார். கூழாங்கல், இலை, விதை, கிளிஞ்சல் ஆகியவையே அங்குக் கற்பித்தற் கருவிகளாயின. இவ்வாறு பிறந்ததே அங்கன்வாடி. ‘அங்கண்’ என்றால் முற்றம். திருக்குறளில் வரும் ‘அங்கணம்’ என்னும் சொல்லுக்கும் முற்றம் என்று உரை கொள்வதுண்டு.

1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு முன்பருவக் குழந்தைகள் பற்றி நடுவணரசுக்கு அளித்த அறிக்கை ஒரு திருப்பமாக அமைந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலச் சோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் பணிகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் பெயரில், கருப்பொருள்களை மையமாகக் கொண்ட பாடத்திட்டம் ஒன்று இம்மையங்களுக்கென வகுக்கப்பெற்றுள்ளது. 2019 சனவரியில், நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. 2022இல் அவை நின்றுவிடுமோ என்னும் நிலை எழுந்தபோது, மக்களின் கோரிக்கையை ஏற்று அரசு அவற்றைத் தொடரச் செய்தது.

ஆகவே கருப்பொருள்வழிக் கல்வி செல்வர் பள்ளிகளின் தனியுடைமை அன்று. ஏழைத் தாயின் குழந்தைக்கும் அது கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அதன் அருமையை உணராது, ‘அங்கே சோறு போடுவார்கள், அவ்வளவே’ என்று நாம் ஒதுக்குவதுதான் வருந்தத்தக்கது.

சிவகிரிக்கு ஏற்ற ஒரு கருப்பொருள்: எலுமிச்சை

இம்முறை நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்தது சிவகிரி. மலையும் வயலும் கைகோக்கும் இந்நிலத்தைக் குறிஞ்சியும் மருதமும் மயங்கிய திணை எனலாம். அருகிலுள்ள புளியங்குடி எலுமிச்சை வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர். ஆகவே எலுமிச்சையை ஐந்து நாள்களுக்குரிய கருப்பொருளாகக் கொள்வோம். செலவு சில பழங்கள் மட்டுமே.

முதல் நாள், புலன்களின் நாள். துணிப்பைக்குள் எலுமிச்சையை வைத்து, கண்ணால் காணாது கையால் தடவி ‘இஃது என்ன?’ என்று சொல்லச் செய்யலாம். பின்னர் இலையைக் கசக்கி முகரலாம். ஆசிரியை நறுக்கிக் கொடுத்த துண்டை நாவில் வைத்ததும் குழந்தைகளின் முகம் சுருங்குவதைக் காண வேண்டும்! ‘புளிப்பு’ என்னும் சொல் அன்று அவர்களுக்கு அகராதிச் சொல்லன்று. உடல் உணர்ந்த சொல்.

இரண்டாம் நாள், எண்ணும் நாள். சிறியது, பெரியது, பச்சை, மஞ்சள் எனப் பழங்களைப் பிரித்து அடுக்கலாம். தட்டுக்கு இரண்டாக, மூன்றாக வைக்கலாம். இரு சிரட்டைகளைக் கயிற்றில் கட்டித் தராசு செய்து, ஒரு பழத்திற்கு எத்தனை புளியமுத்து ஈடாகும் என நிறுத்துப் பார்க்கலாம். எண்ணிக்கை இங்கு ஒப்பித்தலாகாமல் ஒப்பிடுதலாகின்றது.

மூன்றாம் நாள், ஆய்வு நாள். பழம் நீரில் மிதக்குமா, அமிழுமா? முதலில் குழந்தைகள் ஊகிக்கட்டும். பின்னர் தாமே போட்டுப் பார்க்கட்டும். சங்குப்பூவின் நீல இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து ஆறிய நீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் நீலம் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். ‘ஏன்?’ என்னும் வினா தானே எழும். அவ்வினாவே அறிவியலின் தொடக்கம். அதற்கு முழு விடையையும் அன்றே கூறிவிட வேண்டும் என்பதில்லை.

நான்காம் நாள், கைவினை நாள். பாதியாக நறுக்கி உலர்த்திய பழத்தை வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் சக்கரம் போன்ற அச்சு விழும். களிமண்ணில் பழம் உருட்டலாம். உள்ளங்கையில் உருட்டினால் உருண்டை. தரையில் நீட்டி உருட்டினால் கயிறு. பின்னாளில் எழுதுகோல் பிடிக்கப் போகும் விரல்கள் இவ்வாறு வலுப்பெறுகின்றன.

ஐந்தாம் நாள், கூடி உண்ணும் நாள். குழந்தைகளே விதை நீக்கி, நீர் அளந்து, சர்க்கரை கலந்து பானகம் செய்யலாம். ஒருவர் சந்தைக் கடைக்காரராகவும் மற்றவர் வாங்குவோராகவும் நடிக்கலாம். ‘என்ன விலை?’, ‘இரண்டு கொடுங்கள்’, ‘நன்றி’ எனப் பேச்சு வளரும். எடுத்து வைத்த விதைகளைச் சிரட்டை மண்ணில் ஊன்றினால், அக்கருப்பொருள் வாரம் முடிந்தும் முளைவிட்டுத் தொடரும்.

இவ்வைந்து நாள்களில் குழந்தை பெற்ற சொற்களைத் தொகுத்துக் காண்போம். காய், பழம், தோல், சுளை, விதை, சாறு என்பன பெயர்கள். உருட்டு, பிழி, நறுக்கு, முகர், கலக்கு, ஊன்று என்பன வினைகள். புளிப்பு, மென்மை, மஞ்சள், சிறிய, கனமான என்பன பண்புகள். பெயர், வினை, பண்பு என்னும் இலக்கணப் பாகுபாடு எதனையும் கூறாமலே, மூன்றும் உரிய இடத்தில் நிலைபெற்றுவிட்டன. பழம், பிழி, புழு, குழி, மழை எனச் சொல்லி விளையாடும்போது, முதுகலை மாணவரும் இடறும் ழகரம் மழலையின் நாவில் இயல்பாகப் படிகின்றது. மொழிக்கு இதனினும் பெரிய தொண்டு யாது?

வேறு சில கருப்பொருள்கள்

குற்றாலத்தில் சாரல் வீசும் ஜூன், ஜூலைத் திங்கள்களில் நீரைக் கருப்பொருளாகக் கொள்ளலாம். குடம் நிறைய எத்தனை சிரட்டை நீர் வேண்டும்? இலை மிதக்கக் கல் ஏன் அமிழ்கின்றது? தூறல், சாரல், மழை, அருவி என்னும் சொற்களின் வேறுபாட்டை இந்நிலத்துக் குழந்தை நனைந்தே அறியும்.

கோடையில் பனை. நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவைக்கோலால் தள்ளும் நுங்கு வண்டி, சங்ககாலச் சிறுதேரின் வழித்தோன்றல் எனலாம். ஓலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்து கொடுக்கலாம். நம் இலக்கியங்கள் அனைத்தும் ஒரு காலத்தில் அவ்வோலையிலேயே வாழ்ந்தன என்பதனைச் சற்று வளர்ந்த குழந்தைக்குக் கதையாகச் சொல்லலாம்.

கடையநல்லூர் போன்ற நெசவு ஊர்களில் நூலும் துணியும் கருப்பொருளாகலாம். வண்ண நூல்களைப் பிரித்தல், தென்னங்கீற்றைக் குறுக்கும் நெடுக்கும் பின்னுதல் ஆகியவை கண்ணையும் கையையும் ஒருங்கிணைக்கும். தை மாதத்தில் நெல், நோன்புக் காலத்தில் பிறையும் நோன்புக் கஞ்சியும், மார்கழியில் கோலமும் கிறிஸ்துமஸ் விண்மீனும் என விழாக்களையும் கருப்பொருளாக்கலாம். ஒருவர் விழாவை மற்றவர் அறிந்து வளரும் மையத்தில் நல்லிணக்கத்தைத் தனிப்பாடமாக நடத்த வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்துச் செய்யும் மரச்சொப்புகள், வீடு, உணவு ஆகிய கருப்பொருள்களுக்கு ஏற்ற கருவிகள். நெகிழிப் பொம்மையின் இடத்தில் அவற்றை வைத்தால் கைவினைஞர்க்கும் வாழ்வு கிடைக்கும்.

எழுத்து எப்போது?

பெற்றோர் உள்ளத்தில் எஞ்சி நிற்கும் வினா இதுவே. எழுத்து வேண்டாம் என்று இம்முறை கூறவில்லை. உரிய நேரத்தில் வரட்டும் என்கிறது. மணலில் கோடு இழுத்தல், களிமண் கயிற்றை வளைத்தல், புளியமுத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லாங்குழியில் இடுதல், புள்ளிகளை இணைத்துக் கோலமிடுதல் ஆகிய அனைத்தும் எழுத்தின் முற்படிகளே.

தமிழெழுத்தின் வடிவங்களையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ட, ப ஆகியன நேர்கோடுகளால் ஆனவை. அ, இ ஆகியன பல வளைவுகளையும் சுழிகளையும் உடையவை. நெடுங்கணக்கில் முதலில் நிற்பதனாலேயே அகரம் எழுதுதற்கும் எளிது என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒலி வரிசை வேறு. கை வரிசை வேறு. இவ்வேறுபாட்டை அறியாது மூன்று வயதுக் கையை அகரத்தில் ஒடிப்பது, நடக்கத் தெரியாத காலை மலையேறச் சொல்வது போன்றதாகும்.

எழுத்தை முந்தித் திணிப்பதால் நிலையான ஊதியமும் இல்லை. 1967இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 68 ஏழைக் குழந்தைகளை மூன்று வகையான முன்பருவக் கல்விமுறைகளில் சேர்த்து, அவர்களது 23ஆம் வயது வரை தொடர்ந்து ஆய்ந்தனர். தொடக்கத்தில் மூன்று குழுவினரின் அறிவுத்திறனும் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்தது. ஆனால் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கக் குழந்தை ஒப்பித்த குழுவினர், தாமே தேர்ந்து விளையாடிக் கற்ற குழுவினரைவிட வளர்ந்த பின்னர் மனவெழுச்சித் துன்பங்களுக்கு மிகுதியாக ஆளாகியிருந்தனர். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறியதாயினும் அதன் படிப்பினை எண்ணத்தக்கது. நம் நாட்டிலும் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இல், மழலையர் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் நடத்துவதை ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆறு வயது வரை குழந்தைகளுக்குப் பேணலும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என 2002ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் நெறி வகுத்தது. பேணலும் கல்வியும் என்று இரண்டையும் சேர்த்தே அது கூறியது நோக்கத்தக்கது.

தவிர்க்க வேண்டியவை

கருப்பொருள் என்னும் பெயரில் நடப்பன எல்லாம் கைவழிக் கல்வி ஆகா. ஆசிரியை அழகிய படம் வரைந்து சுவரில் ஒட்ட, குழந்தைகள் கைகட்டி அதனைப் பார்த்திருந்தால் அங்குக் கற்றவர் ஆசிரியையே. ‘மஞ்சள் நாள்’ என்று அறிவித்துப் பெற்றோர் புத்தாடை வாங்கி, ஒளிப்படம் எடுத்து முடிந்தால் பயனடைந்தவர் துணிக்கடைக்காரரே. முப்பது குழந்தைகளின் கைவினையும் ஒரே அச்சாக இருந்தால் அவற்றைச் செய்தது பெரியவர் கை என்பது தெளிவு. குழந்தையின் கோணல் வடிவமே உண்மையான வடிவம்.

பாதுகாப்பிலும் விழிப்பு வேண்டும். குன்றிமணி அழகியது; ஆயினும் நச்சுத்தன்மை உடையது. அதனை எந்நிலையிலும் குழந்தையின் கையில் கொடுத்தல் ஆகாது. புளியமுத்து, சோழி போன்ற சிறு பொருள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கக்கூடும். மூன்று வயதிற்குட்பட்டோர்க்கு அவற்றைத் தவிர்த்து, மற்றவர்க்குப் பெரியோர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டும். நீர் விளையாட்டிற்கு ஆழமற்ற தட்டே போதும். அப்போதும் குழந்தையைத் தனியே விட்டு அகலுதல் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

அங்கன்வாடிப் பணியாளரின் சுமை சிறியதன்று. குழந்தைகளின் எடை பார்த்தல், ஊட்டச்சத்து வழங்கல், தாய்மார்க்கு அறிவுரை, பதிவேடுகள் ஆகியவற்றினிடையே அவர் பாடியும் ஆடியும் கற்பிக்க வேண்டியுள்ளது. இங்கேதான் தமிழ்த்துறை மாணவர்க்கு ஓர் இடம் உண்டு.

முதலாவது, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்துப் பாட்டிமார் நாவில் எஞ்சியுள்ள தாலாட்டு, விடுகதை, விளையாட்டுப் பாடல் ஆகியவற்றை மாணவர் திரட்ட வேண்டும். நீர், பனை, நெல் எனக் கருப்பொருள் வாரியாக அவற்றைத் தொகுத்து மையங்களுக்கு வழங்கலாம். நாட்டார் வழக்காற்றியல் கள ஆய்வாகவும் அது அமையும். இரண்டாவது, ஒவ்வொரு கருப்பொருளுக்கும் உரிய வட்டாரச் சொற்களைப் பட்டியலிடலாம். மூன்றாவது, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், துறையினரின் இசைவு பெற்று, கதை சொல்லவும் துணிப்பாவை ஆட்டவும் மையங்களுக்குச் செல்லலாம். வருங்கால ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த பயிற்சி இல்லை.

ஜமாஅத் பெரியவர்களும் பிற சமுதாயத் தலைவர்களும் செய்யத்தக்கவை பல. மையத்திற்கு ஒரு வண்டி ஆற்றுமணல், ஒரு நிழல்மரம், சில சொப்புகள் ஆகியவை பெருஞ்செலவு அல்ல. மக்தப்பிற்குச் செல்லும் சிறார்க்கும் எழுத்தறிமுகத்தின்போது மணல் தட்டையும் களிமண்ணையும் பயன்படுத்தலாம். அலிஃபும் அகரமும் ஒரே விரலால் எழுதப்படுவனவே. எல்லாவற்றினும் மேலாக, ‘அங்கன்வாடியில் நடப்பதும் கல்வியே’ என்று பெரியவர் ஒருவர் கூறினால், தயங்கி நிற்கும் இளம் தாயின் உள்ளம் தெளியும்.

முடிவுரை

கருப்பொருள்வழிச் செயல்பாடு புதுமை நாடும் ஆடம்பரம் அன்று. சிற்றிலும் சிறுதேரும் பாடிய மொழிக்கும், திண்ணை மணலில் எழுதிய மண்ணுக்கும் அது இயல்பானது. சொந்தத் திணையின் பொருளைக் கையில் கொடுத்தல், அதனைச் சுற்றிச் சொல் வளர்த்தல், சொல் நிறைந்தபின் எழுத்தை அறிமுகம் செய்தல் என்னும் வரிசையைக் காத்தால், குழந்தை கல்வியை அஞ்சாது விரும்பும். கையும் நாவும் வளரும் இவ்வாண்டுகள் மீண்டும் வாரா. அவற்றை நாம் வெற்று ஏட்டில் செலவிட்டால், பின்னர் எத்தனை பட்டங்கள் பெற்றாலும் அவ்விடம் நிரம்பாது.

பல்கலைக்கழகம் வரை நீளும் கல்வியின் வேர் முற்றத்து மண்ணில் உள்ளது. அம்மண்ணில் குழந்தையின் கை படியட்டும். அதற்கு இடமும் பொழுதும் பொறுமையும் தருவது நம் கடமை. அக்கடமையை நிறைவேற்ற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.